சிறுகுறிஞ்சான் டீயும் ஏழுமலையின் இரண்டு விரல்களும்

கலகலவென்று ஒரு சத்தம். முழங்காலுக்குக் கீழே, இருட்டுக்குள். கிலுகிலுப்பைச் செடியின் காய்ந்த காய்கள் லுங்கியில் உரசினால் அப்படித்தான் குலுங்கும். அது கேட்டுவிட்டால் வண்டிப்பாதை முடிந்தது, இனி மேடு, மேட்டைத் தாண்டினால் வேலியில் கொடி என்று அர்த்தம். மூலிகை டீ விற்கிறவனுக்குப் பொழுது முதலில் காதில்தான் விடிகிறது.

செஞ்சியில் ஒரு நெல் குடோனுக்கு நான் ராத்திரி வாட்ச்மேன். விடியற்காலம் டூட்டி முடிந்ததும் கோணிப்பையை எடுத்துக்கொண்டு மலையடிவாரம், ஏரிக்கரை, வேலி ஓரம் என்று சுற்றுவேன். கிடைத்த தழையைப் பறித்துவந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ரோட்டில் தள்ளுவண்டியில் கொதிக்கவைத்து விற்பேன். பகலில் எனக்குத் தூக்கம் பிடிக்காது. சும்மா படுத்தால் மனசு கண்ட இடத்துக்கும் போகும். அதற்குப் பயந்துதான் இந்தத் தொழிலைப் பிடித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. குடோன் வாசல் டியூப்லைட் வெளிச்சத்தில் பழைய மூலிகைப் புத்தகங்களை வைத்துக்கொண்டு, படித்தது பாதி, கடித்துப் பார்த்தது பாதி.

தெருவோரம் எதையாவது கொதிக்கவைத்து, ஊற்றி, டம்ளர் கழுவிப் பிழைக்கிற என் இனத்தாரே, இது உங்களுக்குத்தான். சுக்குக் காபிக்காரர், அருகம்புல் ஜூஸ்காரர், முடக்கற்றான் சூப் விற்கிறவர் எல்லோரும் சேர்த்தி. ஏழுமலை என்று ஒரு மினி பஸ் டிரைவர் எனக்குக் கூட்டாளி. அவன் வலது காலில் இப்போது இரண்டு விரல் இல்லை. அதில் என் பங்கு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். நேரே அங்கே போகத் துணிச்சல் வரவில்லை. நாலு இடம் சுற்றிக்கொண்டு போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரியாணியைத் திருப்பிக் கொடு

சர்க்கரைக்காரர்களுக்கு நான் போடும் டீயில் முக்கியமான சரக்கு சிறுகுறிஞ்சான். வேலியில் படரும் கொடி. அதில் ஒரு வேடிக்கை உண்டு. இலையை மென்று துப்பிவிட்டு ஒரு வாய் சர்க்கரை போட்டுக்கொண்டால் மண்ணை மெல்கிற மாதிரி இருக்கும். இனிப்பு என்கிற சமாசாரமே நாக்கில் தெரியாது. அரை மணியோ ஒரு மணியோ கழித்துத்தான் திரும்பி வரும். அதே வேலியில், கிட்டத்தட்ட அதே இலையோடு, நஞ்சறுப்பான் என்று இன்னொரு கொடியும் ஏறியிருக்கும். அதைக் காய்ச்சிக் குடித்தால் வாந்தி. என் புத்தகத்தில் இரண்டுக்கும் படம் போட்டிருந்தார்கள். அச்சு மசி இழுகி இரண்டும் ஒரே கொடியாகத் தெரிந்தது.

தொழில் தொடங்கிய முதல் மாசம் மாற்றிப் பறித்துவிட்டேன். ஒரு கைப்பிடிதான் கலந்திருக்கும். அன்றைக்குக் குடித்த நாலு பேரில் மூன்று பேர் ரோட்டோரமாகக் குனிந்து நின்றார்கள். நான் தண்ணீர்ச் சொம்போடு ஒவ்வொருத்தர் பின்னாலும் ஓடினேன். அந்த நாளிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஒரே கொடியில்தான் பறிப்பேன், இரண்டாவது கொடிக்கு நாக்கு சாட்சி சொல்லாது. அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்னால் அதில் ஒரு இலையைக் கிள்ளி மென்று துப்பி, மேலே ஒரு சிட்டிகை சர்க்கரை. மண்ணாக இருந்தால் சரக்கு சரி. இனித்தால் அந்தக் கொடி குப்பைக்கு. குனிந்து நின்ற மூன்று பேரில் முனுசாமி என்ற கொத்தனார் கடைசியாக நிமிர்ந்தான். அடிப்பான் என்றுதான் நினைத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"டீக் காசு நீயே வெச்சிக்கணா. நேத்து மச்சான் ஊட்டுல சாப்ட பிரியாணி, அத்த மட்டும் திருப்பிக் குடுத்துடு."

படித்தவனுக்குத்தான் சட்டம்

கோட்டை மதிலை ஒட்டி ஆவாரை பூத்துக்கிடக்கும். மஞ்சளாக, பறி பறி என்று கூப்பிடும். ஒரு நாள் அரைக் கோணி நிரப்பியிருப்பேன், பின்னால் விசில் சத்தம். கோட்டைக் காவலாளி கோவிந்தன். இது சர்க்கார் இடம், இங்கே கல்லும் சர்க்கார், புல்லும் சர்க்கார் என்று ஆரம்பித்தார். ஆடு மேய்கிறதே என்று கேட்டேன். "ஆடு படிக்காதது. நீ போர்டு படிச்சவன்" என்று கோணியைப் பிடுங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் வண்டி முன்னால் வந்து நின்றார். கையில் என்னுடைய அதே கோணி. சம்சாரத்துக்கு உடம்பெல்லாம் எரிச்சலாம், ராத்திரி தூங்கவில்லையாம், ஆவாரம்பூ குளிர்ச்சி என்கிறார்களே, உண்மையா என்று கேட்டார். உண்மைதான் என்றேன். பிடித்தவரே நம்பி வந்து நிற்கிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தலைக்கனம் முளைத்த இடம் இதுதான் என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன். அன்றைக்கு யோசிக்கவில்லை. வண்டியில் இருந்த இன்னொரு கோணியை அவிழ்க்கப் போனேன். கோவிந்தன் கையைத் தடுத்தார்.

"அது வேணாம்பா, நான் புடுங்கனதுலயே போடு. சர்க்காரு பூவு, சுத்தமா இருக்கும்."

பெயிண்டர் சேர்த்த வரி

வண்டிக்கு ஒரு போர்டு வேண்டும் என்று பெயிண்டர் பாபுவிடம் போனேன். நான் எழுதிக்கொடுத்த வாசகம் இதுதான்: 'மூலிகை டீ. சளிக்கும் அசதிக்கும் இதம்.' மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் அதற்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், 'சர்க்கரை நோய்க்கு முற்றுப்புள்ளி' என்று ஒரு வரி. கடைசியில் தக்காளி சைசுக்குச் சிவப்பாக ஒரு புள்ளி.

இது என்னடா என்றேன். சரக்கில் சிறுகுறிஞ்சான் இருக்கிறதா இல்லையா என்று கேட்டான். இருக்கிறது. அது சர்க்கரையைக் கொல்லுமா இல்லையா? நாக்கில் கொல்லும் என்றேன். நாக்கும் உடம்பில்தானே இருக்கிறது என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழிக்கச் சொல்லியிருக்க வேண்டும். டர்பன்டைன் டப்பா அங்கேயேதான் இருந்தது, ஒரு துணி போதும். அடுத்த வாரம் அழித்துக்கொள்ளலாம் என்று எடுத்துவந்து மாட்டினேன். அடுத்த வாரத்துக்குள் வண்டியைச் சுற்றி நிற்க இடம் இல்லை. பிறகு அழிக்க மனசு வரவில்லை. பாபு போர்டை என் தோளில் ஏற்றிவிடும்போதே சொல்லித்தான் அனுப்பினான்:

"நீ எழுதனதுக்கு மூக்கு ஒழுகறவன்தான் வருவாண்ணே. நான் எழுதனதுக்கு ஊரே வரும், பாரு."

ஜமீல் பாய் வீட்டுப் பாயசம்

ஜமீல் பாய் டெய்லர். கடைத் தெருவில் மாடிக் கடை. சர்க்கரை வந்ததிலிருந்து தினமும் என்னிடம் ஒரு டம்ளர். மகள் நிக்காஹ் அன்றைக்கும் புதுச் சட்டை, அத்தர் வாசனையோடு விடியற்காலமே வந்துவிட்டார். இன்றைக்கு மத்தியானம் இனிப்பெல்லாம் வாயில் விழும், அதனால் ஸ்ட்ராங்காகப் போடு என்றார். நானும் இரண்டு பங்கு இலையைப் போட்டுச் சுண்டக் காய்ச்சிக் கொடுத்தேன். போதாதற்கு, பச்சை இலை நாலை வாங்கி மென்றுகொண்டே போனார்.

நேரே போனது சமையல் பந்தலுக்கு. பண்டாரி ஒரு கரண்டி சேமியா பாயசத்தை ருசி பார்க்க நீட்டியிருக்கிறார். பாய் வாயில் விட்டுப் பார்த்துவிட்டு, இதில் சர்க்கரையே இல்லையே என்று குதித்திருக்கிறார். போட்டிருக்கிறேன் பாய் என்று பண்டாரி சொல்ல, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் என் மானத்தை வாங்காதே என்று இவர் நின்று இன்னொரு மூட்டையைப் பிரிக்க வைத்திருக்கிறார். மறுபடியும் ருசி. மறுபடியும் மண். மறுபடியும் சர்க்கரை. பந்தியில் உட்கார்ந்தவர்கள் பாயசத்தைக் குடிக்க முடியாமல், சும்மா வைக்கவும் முடியாமல் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் குடித்தார்களாம். நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம்: இன்றைக்கு எதையும் ருசி பார்க்காதீர்கள் பாய், உங்கள் நாக்கு ஒரு மணி நேரம் பொய் சொல்லும் என்று. தோன்றவில்லை. வாங்குகிறவனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது என் சுபாவம் போலிருக்கிறது. இந்தத் தடவை அது சிரிப்போடு போயிற்று. மூன்று நாள் கழித்துப் பாய் வந்து டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார்:

"சுகரு உனுக்கு எப்டி வந்துச்சுன்னு யாராச்சும் கேட்டா, ஜமீல் பாய் ஊட்டுக் கல்யாணத்துல வந்துச்சுன்னு சொல்லுவாங்க, அடுத்த தலைமொற வரைக்கும்."

எனக்கு நீதான்யா டாக்டரு

இனிச் சுற்ற இடம் இல்லை. ஏழுமலையிடம் வந்துவிட்டேன்.

என் வயசுதான். செஞ்சியிலிருந்து கிராமங்களுக்குப் போகிற மினி பஸ்ஸில் டிரைவர். முதல் டிரிப்புக்கு முன்னால் பஸ்ஸை என் தள்ளுவண்டிக்கு எதிரே நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் இறங்குவான். கண்டக்டர் கத்துவான், உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் கத்துவார்கள். இவன் டம்ளரை ஊதி ஊதிக் குடிப்பான். பனமலைப் பக்கம் டிரிப் போனால் ஏரிக்கரையில் எனக்காக நொச்சித் தழை ஒடித்து, சீட்டுக்குப் பின்னால் செருகிக் கொண்டுவருவான். அதில் எறும்பு இருந்து பாசஞ்சர்களைக் கடித்த கதையையும் சேர்த்துக் கொண்டுவருவான். ராத்திரி முழுக்க மூட்டைகளோடு உட்கார்ந்து எழுந்தவனுக்கு, விடிந்ததும் ஒருத்தன் வந்து வாய் ஓயாமல் பேசுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று ராத்திரி வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவனுக்குச் சர்க்கரை இருந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு நாள் டம்ளரை வைத்துவிட்டு, பெரிய காரியம் முடித்தவன் மாதிரி சிரித்தான். மாத்திரையை நிறுத்தி ஒரு மாசம் ஆகிறதாம், உடம்பு லேசாக இருக்கிறதாம். பச்சையம்மாவிடம் சொல்லிவிடாதே என்றான். பச்சையம்மா அவன் மனைவி.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது நாலே வார்த்தை. மாத்திரையை நிறுத்தாமல் இதையும் குடி. எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த இலை நாக்கில் என்ன செய்கிறது என்று தினமும் மென்று பார்க்கிறவன் நான்; ரத்தத்தில் என்ன செய்கிறது என்று ஒரு நாளும் பார்த்தவன் இல்லை. ஆனால் உள்ளுக்குள்ளே ஜில்லென்று ஒரு சந்தோஷம். எட்டாவது தாண்டாத ஒரு வாட்ச்மேன், டாக்டர் கொடுத்ததைவிட உசத்தியாக ஒன்றைக் காய்ச்சிவிட்டான் என்று. அவன் டம்ளரில் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஏறி உட்கார்ந்து, ஹாரன் அடித்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"யோவ், ஆஸ்பத்திரியில என் சீட்டத்தான்யா பாக்கறாங்க, மூஞ்சிய பாக்கறதில்ல. நீ தெனம் மூஞ்சிய பாக்கற. எனுக்கு நீதான்யா டாக்டரு."

அமாவாசைக்கு மறுநாள்

மேல்மலையனூர் அமாவாசை என்றால் எங்கள் ஊரில் எல்லா டிரைவர்களுக்கும் கண் சிவந்திருக்கும். ஏழுமலையும் விடாமல் டிரிப் அடித்துவிட்டு, நடுவில் ஒரு தடவை செருப்பைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு அம்மனைப் பார்க்கப் போயிருக்கிறான். அத்தனை கூட்டத்தில் தரையில் என்ன கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மறுநாள் காலை என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். வழக்கம்போல் பேசினான். குடித்தான். எழுந்தபோது பெஞ்சுக்கு அடியில் மண் சிவப்பாக நனைந்திருந்தது.

காலைத் தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் உடைந்த கண்ணாடி வளையல் துண்டு, நன்றாக உள்ளே ஏறியிருந்தது. நேற்றிலிருந்து அதோடுதான் பிரேக் மிதித்திருக்கிறான். நான் பிடுங்கினேன். அவன் முகம் சுளிக்கவில்லை. சர்க்கரை உள்ளவன் காலில் வலிக்கவில்லை என்றால் பயப்பட வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆட்டோ பிடித்து ஏற்றியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? வெந்நீரில் கழுவி, குப்பைமேனி இலையை மஞ்சளோடு வைத்துக் கசக்கி, பிழிந்து, துணி கட்டினேன். கட்டு அழகாக இருந்தது. டாக்டர் கட்டின மாதிரியே இருந்தது. ஏழுமலை காலைத் தரையில் தட்டிக் காட்டினான்.

"பாத்தியாயா, ஊசி குத்தன மாதிரிகூட இல்ல. எல்லாம் உன் தண்ணியோட பவரு!"

ஆஸ்பத்திரி வராந்தா

பத்து நாள் அவன் வரவில்லை. பஸ்ஸை வேறு ஒருத்தன் ஓட்டினான். நிறுத்தாமல் போனான். ஊருக்குப் போயிருப்பான், லீவு போட்டிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன் செய்ய எனக்கு விரல் வரவில்லை. கண்டக்டர்தான் ஒரு நாள் இறங்கி வந்து, ஏழுமலையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள் என்றான். வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போனேன்.

வார்டுக்கு வெளியே வராந்தாவில் பச்சையம்மா நின்றிருந்தாள். கையில் ஸ்கேன் கவர், தூக்குவாளி. என்னைக் கண்டதும் அழவில்லை, திட்டவும் இல்லை. மாத்திரையை நிறுத்தியே நாலு மாசமாச்சாம், டாக்டர் கேட்ட பிறகுதான் தனக்கே தெரியும் என்றாள். பிறகு நேராகக் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்: "ணா, நிறுத்திட்டாருன்னு உனுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. ஒரு விக்கல்கூட இல்லை. கதவு திறந்துதான் இருந்தது. முதல் கட்டில் அவனுடையது. மெத்தையில் ஒருக்களித்துப் படுத்திருந்தவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். ஒரு நொடி. என்னைக் காட்டிக்கொடுக்க அந்த ஒரு நொடி போதும். பெண்டாட்டி பக்கம் திரும்பி, எரிச்சலான குரலில் சொன்னான்:

"அவன எதுக்குடி கேட்டுக்கினு இருக்க? நான் அவன்கிட்ட சொல்லவே இல்ல."

டீக்கடையில் நர்ஸ்

திரும்பி வந்த அன்றைக்கே பிளேடு எடுத்துப் போர்டில் அந்த வரியைச் சுரண்டினேன். மூன்று வருஷ வெயிலில் காய்ந்த பெயிண்ட், லேசில் வரவில்லை. சுரண்டிய இடம் வெள்ளையாக, மற்ற எழுத்தைவிடப் பளிச்சென்று தெரிந்தது. பிறகு ஒரு புது வழக்கம் தொடங்கினேன். சிறுகுறிஞ்சான் கேட்கிறவர்களிடம் முதல் கேள்வி, மாத்திரை போட்டாயிற்றா? இல்லை என்றால் சும்மா சுக்கும் துளசியும்தான். போட்டேன் என்றால், எப்போது, என்ன மாத்திரை, கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தது?

யாருக்கும் பிடிக்கவில்லை. மாத்திரை வேண்டாம் என்பதற்காகத்தானே உன்னிடம் வருகிறோம் என்று ஒருத்தர் கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டுப் போனார். அவரைப் போல எத்தனை பேர் என் போர்டைப் படித்துவிட்டு மாத்திரையைக் குப்பையில் போட்டார்களோ, அவர்கள் கால்கள் எல்லாம் எப்படி இருக்கின்றனவோ, என்னிடம் கணக்கு இல்லை. பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. தொண்டூரில் ஒருவர், அவலூர்பேட்டை பஸ்ஸில் வருகிற ஒரு அம்மா, அப்படித்தான் ஞாபகம். ரோட்டில் நொண்டிக்கொண்டு யார் போனாலும் முகத்தைப் பார்க்கிறேன். கூட்டம் கால்வாசியாகக் குறைந்தது. கொத்தனார் முனுசாமி மட்டும் விடாமல் வருகிறான். அவனுக்குச் சர்க்கரையே கிடையாது. அவனையும் கேட்டுவிட்டேன் ஒரு நாள்.

"இன்னாணா, வாந்தி எடுக்க வெச்ச காலத்துலயே நீ நல்லா இருந்த. இப்ப நர்ஸு மாரி கேள்வி கேட்டே கொல்ற!"

அழுதால் முளைக்குமா

ஏழுமலை வீட்டுக்கு வந்துவிட்டான். மறுபடி பஸ் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு மேசை போட்டு, மற்ற டிரைவர்கள் வருகிற நேரம் போகிற நேரம் எழுதுகிற வேலை கிடைத்தது. விசில் ஊதி, அவன் ஓட்டின பஸ்ஸை அவனே அனுப்பிவைக்கிறான். என் வண்டிப் பக்கம் வருவதில்லை. கோபத்தால் இல்லை, அவ்வளவு தூரம் நடந்தால் புண் கசிந்து கட்டு நனைகிறது. நான் போய்ப் பார்த்தால் பழையபடி பேசுகிறான். வராந்தாவில் சொன்னதைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசுவதில்லை. பொய் சொன்னவன் நான். அதைச் சுமந்துகொண்டு பெண்டாட்டி பக்கத்தில் படுக்கிறவன் அவன். இது என்ன நியாயம் என்று ஒரு வாரம் உருண்டேன். பகலில் வருகிற கொஞ்சநஞ்சத் தூக்கமும் சுத்தமாகப் போயிற்று.

பச்சையம்மாவுக்கு வேலை இல்லாத ஒரு நாள் காலை, அவன் ஸ்டாண்டுக்குப் போன நேரம் பார்த்து வீட்டுக்குப் போனேன். பச்சையம்மா வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். எனக்குத் தெரியும் என்று. ஆஸ்பத்திரிக்கு மூன்று மாசம் முன்னாலேயே தெரியும் என்று. அன்றைக்குப் பொய் சொன்னேன் என்று. அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள். "அந்த ஆளு மறைக்கறதுன்னா எங்கிட்டதான் மறைப்பாரு. உங்கிட்ட எதையும் மறைக்க மாட்டாரு. ஆஸ்பத்திரிலயே தெரியும் எனுக்கு. நீயா வந்து சொல்றியான்னு பாத்துக்கினு இருந்தேன்."

நான் கண்ணைத் துடைத்தேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் அப்போதுதான் வந்தது.

"இன்னாத்துக்கு அழுவற? அழுதா வெரலு மொளைக்குமா? மன்னிப்பு கின்னிப்புலாம் எங்கிட்ட இல்ல. காலையில நான் வேலைக்குப் போய்ட்டா அந்த ஆளு மாத்திரைய கையில வெச்சிக்கினு முழுங்கன மாரி நடிக்கறாரு. நாளைலருந்து ஏழு மணிக்கு வந்து நில்லு. உன் கண்ணு முன்னாடி முழுங்கட்டும், அப்பறம் போ உன் தழையக் கொதிக்கவெக்க."

இப்போது தினமும் ஏழு மணிக்குப் போகிறேன். வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி அவன் உள்ளங்கையில் வைக்கிறேன். அவன் என்னை முறைத்துக்கொண்டே முழுங்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நாக்கை நீட்டிக் காட்டுகிறான். நான் நாக்குக்கு அடியிலும் பார்க்கிறேன். எவ்வளவு பறித்தேன், எவ்வளவு காய்ச்சினேன், கடைசியில் நான் தைரியமாக ஒருத்தனுக்குக் கொடுக்கிற ஒரே மருந்து மெடிக்கல் ஷாப்பில் வாங்கினதாகப் போயிற்று.

துளசி வாடுகிறது, முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு காம்பு கிள்ளுகிறேன்.